குரல் முறியும் இடம்

ஜே.பி. சந்திரபாபுவின் பாட்டுகள் சிலவற்றில் வரி முடிந்த பிறகும் குரல் நிற்பதில்லை. மேலே துள்ளுகிறது, துள்ளிய இடத்தில் முறிகிறது, மெலிந்த வேறொரு குரலாகிறது, அடுத்த கணமே கீழே இறங்கித் தன் பழைய கனத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஒரே மூச்சுக்குள் இப்படிச் சில தரம். யோடலிங் என்று மேல்நாட்டார் சொல்லும் இந்த வித்தையை 1950களில் தமிழ்ச் சினிமாப் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர்தான். அதைக் கோமாளிச் சேட்டையாக ரசித்துவிட்டு மறந்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. அவருடைய சோகப் பாட்டுகளைக் கேட்டுக் கண் கலங்குகிறவர்கள்கூட இந்தத் துள்ளலைக் கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அந்த இரண்டையும் பிரித்துக் கேட்க முடிந்ததில்லை. கீழே அவர் நிதானமாகச் சொல்லும் பாட்டுக்கும் மேலே அவர் தெறித்து விழும் பாட்டுக்கும் நடுவில் ஓரிடம் இருக்கிறது. மற்றப் பாடகர்கள் காலமெல்லாம் மறைக்கப் பாடுபட்ட இடம் அது. அவர் அதை எடுத்து எல்லாருக்கும் முன்னால் வைத்தார்.

அந்த இடத்தில் நடப்பது என்ன என்று பார்த்தால் வியப்புத்தான். பேசும்போது ஓர் ஆணின் குரல்நாண்கள் நொடிக்கு ஏறத்தாழ 100 முதல் 130 தடவை அதிர்கின்றன. அப்போது அவை தடித்து, தளர்ந்து, ஒன்றையொன்று நன்றாகத் தொட்டு மூடுகின்றன. நெஞ்சில் கையை வைத்தால் அதிர்வு தெரியும். சுருதி ஏற ஏற நாண்கள் இழுபட்டு மெலிகின்றன. 300ஐத் தாண்டிப் போகிற அளவில் பெரும்பாலான ஆண்களுக்கு ஒரு கட்டம் வருகிறது. அதற்கு மேலும் அதே கனத்தோடு ஏறினால் தொண்டை இறுகும், பாட்டு கத்தலாகிவிடும். அங்கே நாணின் உள்தசை பிடியை விட, விளிம்பு மட்டும் தனியே அதிரத் தொடங்குகிறது. நாண்கள் முழுதாக மூடாததால் காற்றுக் கசிகிறது. குரலில் பாரம் போய் ஒரு வெறுமை வருகிறது. அதுதான் ஃபால்செட்டோ. நம் சங்கீத வித்துவான்கள் கள்ளத்தொண்டை என்று கடிந்துகொள்வது இதைத்தான்.

பெரும்பாலான சங்கீதங்களில் குருமார் பெரும்பாடு படுவது இந்த மாற்றம் வெளியே தெரியாமல் இருப்பதற்காகத்தான். கீழ்ச் சட்ஜத்திலிருந்து மேல் சட்ஜம்வரை ஒரே குரலாகக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் குறிக்கோள். யோடலிங் பாடுகிறவன் மட்டும் அதைத் திருப்பிப் போடுகிறான். ஏறும்போதும் இறங்கும்போதும் அந்த முறிவு நன்றாகக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் அது யோடலிங் அல்ல.

இந்த முறிவை நான் பாட்டில் கேட்பதற்கு முன்பே வயலில் கேட்டிருக்கிறேன். கிழக்கிலங்கையில் எங்கள் சம்மாந்துறை வெள்ளாமை ஊர். ஊர் எல்லையைத் தாண்டினால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். கதிர் முற்றும் காலத்தில் காவலுக்கு வாடி என்னும் குடிசையில் படுப்பார்கள். பன்றி வரும், யானையும் வரும். ஒரு வாடிக்கும் அடுத்த வாடிக்கும் நடுவில் பல வயல்கள் கிடக்கும். யானை இறங்கிவிட்டது என்ற சேதியை அங்கால் வாடிக்காரருக்குச் சொல்லியாக வேண்டும். சின்ன வயதில் வாப்பாவோடு போய்ப் படுத்த ஓர் இரவில் நான் நெஞ்சு வெடிக்கக் கத்தினேன். "கத்தினாப் போகாது மனே. மேல தூக்கி விடு" என்றார் வாப்பா. தூக்கி விட்டும் காட்டினார். நெஞ்சிலிருந்து கனமாக ஒரு 'ஓ' கிளம்பி, பாதி வழியில் முறிந்து, மெலிந்து நீண்டு இருட்டுக்குள் போயிற்று. கொஞ்சம் பொறுத்து அங்காலிருந்து அதே மாதிரி ஒன்று வந்தது. பதில் சொன்னவரின் முகம் தெரியவில்லை, சொல் எதுவும் விளங்கவில்லை. ஆனால் சேதி போய்ச் சேர்ந்துவிட்டது என்று எங்கள் இருவருக்கும் தெரிந்தது.

வாப்பாவின் கைமுறைக்குக் காரணம் இருக்கிறது. காற்றும் தூரத்து எஞ்சின்களும் எழுப்பும் இரைச்சலில் பெரும்பகுதி கீழ்ச்சுருதி. ஆண் குரலின் கனம் அதற்குள் அமிழ்ந்துவிடும். மனிதக் காது கூர்மையாகக் கேட்பது நொடிக்கு 2000 முதல் 4000 அதிர்வுவரையான பகுதியில். மேலே தூக்கிய குரல் தன் பலத்தை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதோடு அந்த முறிவும் உதவுகிறது. வயலில் கேட்கும் மற்ற ஓசைகள் பெரும்பாலும் இப்படித் திடீரென்று மாறுவதில்லை, இது மனிதன்தான் என்று கேட்பவருக்கு உடனே புரியும். அல்ப்ஸ் மலையில் ஆடுமாடு மேய்த்தவர்கள் ஒரு சரிவிலிருந்து மறு சரிவுக்குக் கூப்பிட்ட கூப்பாட்டிலிருந்துதான் யோடலிங் பிறந்தது என்பார்கள். அவர்களும் நாங்களும் ஒருவரையொருவர் பார்த்துப் பழகியவர்கள் அல்லர். வெளி பெரிதாக இருந்தால் தொண்டை தானாக அந்த வழியைக் கண்டுபிடித்துக்கொள்கிறது.

எங்கள் பக்கத்து நாட்டார் கவியிலும் இதே கணக்குத்தான். நாலு அடியில் முடியும் அந்தக் கவிகளைத் தேடித் தொகுத்தவர் நிந்தவூர் எஸ். முத்துமீரான். அவர் செய்திராவிட்டால் பாதி மண்ணோடு போயிருக்கும். அச்சில் படிக்கிறவர்களுக்குத் தெரியாத ஒன்று, கவி எந்தக் குரலில் பாடப்பட்டது என்பது. வயலில் ஆண்கள் படிக்கும்போது முதற்சொல்லை உச்சத்தில் பிடித்து நீட்டி, அங்கிருந்து இறக்கிக்கொண்டு வருவார்கள். அதே கவியை வீட்டு விறாந்தையில் பன்பாய் இழைத்துக்கொண்டு ஒரு மூத்தம்மா சொன்னால் குரல் மேலே போகவே போகாது. பக்கத்தில் இழைத்துக்கொண்டிருப்பவளுக்குக் கேட்டால் போதும். மற்றவர்களுக்குக் கேட்காமல் இருப்பது இன்னும் நல்லது. சொற்கள் அதே சொற்கள். வயலில் கேட்டால் வேடிக்கையாகப் படும் கவி விறாந்தையில் கேட்டால் குற்றச்சாட்டாகப் படும். குரலின் உயரத்தை முடிவு செய்வது உணர்ச்சி என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே கேட்பவர் எத்தனை தூரத்தில் இருக்கிறார் என்பது முடிவு செய்துவிடுகிறது.

நாடக மேடைக் காலத்துக்கும் இது பொருந்தும். ஒலிவாங்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசையில் இருப்பவனுக்குக் கேட்க வேண்டுமென்றால் உச்சத்தில்தான் பாடியாக வேண்டும். 1906இல் பிறந்து 1933இல் மறைந்த எஸ்.ஜி. கிட்டப்பாவின் புகழ் அந்த உயரத்தின் புகழ்தான். அவருக்கு ஈடு கொடுத்து நின்றவர் கே.பி. சுந்தராம்பாள். அவர்கள் சந்தித்ததும் கொழும்பில்தான், நாடகம் ஆட வந்த காலத்தில். அப்போது மேற்குரலை யாரும் கோமாளிக்கு உரியதாக நினைக்கவில்லை. அது ராஜபார்ட் என்னும் கதாநாயக வேஷத்தின் குரல். ஆண்கள் பெண்வேஷம் கட்டிப் பாடிய குரலும் அதுதான். வீரமும் காதலும் பக்தியும் எல்லாம் மேலேதான் நடந்தன. கீழ்க்குரல் ஒப்பனை அறைப் பேச்சுக்கு மட்டும் என்றிருந்தது.

பிறகு ஒலிவாங்கி வந்தது. 1925இல் மின்சார ஒலிப்பதிவு தொடங்கியது. அமெரிக்காவில் பிங் க்ராஸ்பி போன்றவர்கள் காதோரம் பேசுவதுபோலப் பாடலாம் என்று காட்டினார்கள். தமிழில் ஏ.எம். ராஜாவும் பி.பி. ஸ்ரீநிவாஸும் அந்த வழியில் வந்தார்கள். 1961இல் வந்த 'பாவமன்னிப்பு' படத்தின் 'காலங்களில் அவள் வசந்தம்' பாட்டை கிட்டப்பாவின் கொட்டகையில் பாடியிருந்தால் மூன்றாவது வரிசைக்குப் போயிருக்காது. டி.எம். சௌந்தரராஜன் வேறு வழியில் போனார். அவர் நெஞ்சுக் கனத்தை விடாமல் மேலே கொண்டுபோனார். தமிழ்க் கதாநாயகனின் ஆண்மைக்கு அதுவே அடையாளம் என்று நிலைத்தும் விட்டது. மென்மை கீழே, வீரம் நெஞ்சிலே. அப்படியானால் இத்தனை காலம் ராஜபார்ட்டிடம் இருந்த அந்த மெலிந்த மேற்குரல் எங்கே போனது? அதற்குப் படத்தில் ஒரேயொரு இடம் மிஞ்சியது. நகைச்சுவை நடிகனின் தொண்டை.

சந்திரபாபு வளர்ந்த இடம் இந்த இரண்டு காலங்களுக்கும் நடுவிலான கொழும்பு. 1927இல் தூத்துக்குடியில் பிறந்தவர். சுதந்திரப் போராட்டத்தில் ஈடுபட்ட தந்தையோடு குடும்பம் இலங்கைக்கு வந்தது. அவர் படித்தது கொழும்பில், 1943இல்தான் சென்னைக்குத் திரும்பினார். துறைமுக நகரம், அதிலும் உலகப்போர்க் காலம். தேவாலயப் பாட்டும் மேல்நாட்டு இசைத்தட்டும் பைலாவும் ஒரே தெருவில் கேட்ட ஊர். 1925 டிசம்பரிலேயே அங்கே வானொலி தொடங்கியிருந்தது. அமெரிக்காவில் ஜிம்மி ரோஜர்ஸ் 'ப்ளூ யோடல்' பாடிப் பதிவு செய்தது 1927இல், அதாவது சந்திரபாபு பிறந்த ஆண்டில். எந்தத் தட்டை எந்த வீட்டில் கேட்டார் என்பது முக்கியமில்லை. தமிழ்நாட்டிலேயே வளர்ந்திருந்தால் அவர் குருவிடம் போய்ச் சட்ஜத்தில் உட்கார்ந்திருப்பார். முறிவை மறைக்கக் கற்றிருப்பார். கொழும்பு அவருக்கு அந்த வெட்கத்தைக் கற்றுக்கொடுக்கவில்லை. ஈழத்துப் பொப் இசை நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் என்று 1970களில் தலையெடுப்பதற்கு வெகு முன்பே அந்தத் துறைமுகக் காற்று சந்திரபாபுவின் தொண்டை வழியாகக் கோடம்பாக்கம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நான் நம்புகிறேன்.

அது திரும்பி எங்களிடம் வந்தது இலங்கை வானொலி வழியாக. வர்த்தக சேவையில் பாட்டுப் போய்க்கொண்டிருக்கும்போது சந்திரபாபு வந்தால் எங்கள் வீட்டுப் பெண்கள் சிரித்த சிரிப்பில் வெறும் வேடிக்கை மட்டும் இருக்கவில்லை. தங்களுடைய ஒன்றை ஓர் ஆண்பிள்ளை எடுத்துச் செய்கிறான் என்கிற சிரிப்பு அது. கிழக்கிலங்கை முஸ்லிம் ஊர்களில் கல்யாணம், சுன்னத்து என்றால் பெண்கள் குரவையிடுவார்கள். இப்போது குறைந்துவிட்டது, சில குடும்பங்களில் அறவே இல்லை. மாப்பிள்ளை வாசலில் கால் வைத்ததும் உள்ளேயிருந்து அது கிளம்பும். நாக்கும் தொண்டையும் சேர்ந்து ஒரே உச்சத்தில் குரலைத் துண்டு துண்டாக வெட்டி எறியும் ஓசை. நன்றாகக் குரவையிடத் தெரிந்த ஒரு ராத்தா (அக்கா) எங்கள் தெருவில் இருந்தார். தலைச்சீலையின் ஓரத்தை இழுத்து வாயை மறைத்துக்கொள்வார், கண்களை மூடிக்கொள்வார். மூச்சைப் பிடித்த பின் கழுத்து நரம்பு மட்டும் துடிக்கும். முகத்தில் சிரிப்பும் இருக்காது, அழுகையும் இருக்காது. அவ்வளவு கவனம். வெளியே நிற்பவர்களுக்கு அது கொண்டாட்டம். பக்கத்தில் நின்று பார்த்த எனக்கு அது ஓர் உழைப்பாகத் தெரிந்தது.

ஆண்கள் குரவையிட மாட்டார்கள். பையன்கள் விளையாட்டுக்குச் செய்தால் அடி விழும். மேலே முறிந்து போகும் குரல் பெண்ணுடையது, ஆண் அதைத் தொட்டால் கேலி என்ற ஏற்பாடு எங்களூரிலும் இருந்தது. ஆனால் வயல் வெளியில் இரவில் அதே ஆண்கள் அதே குரலைத்தான் பயன்படுத்தினார்கள். அங்கே யாரும் சிரிக்கவில்லை.

தொழுகைக்கு அழைக்கும் பாங்கு பற்றியும் சொல்லாமல் போனால் எங்கள் காதைப் பற்றி நான் சொல்வது அரைகுறையாகும். பாங்கு பாட்டு அல்ல, அதைப் பாட்டோடு சேர்த்துப் பேசுவதும் முறையல்ல. ஆனால் தினமும் ஐந்து நேரம் ஓர் ஆண் குரல் உயர்ந்து நீள்வதைக் கேட்டு வளர்ந்த காது, உயரத்தைக் கேலியாக எடுக்காது. நாகூர் ஈ.எம். ஹனீபாவை இந்தக் கரையோர ஊர்கள் நெஞ்சில் வைத்துக் கொண்டாடியதற்கு அவர் பாடிய பொருள் மட்டும் காரணமில்லை. ஒலிவாங்கிக் காலத்திலேயே வாழ்ந்தும், அது இல்லை என்றே எண்ணிக்கொண்டு பாடியவர் அவர். நெஞ்சுக் குரலை விடாமல், முறியாமல், அந்த உயரத்துக்கு எடுத்துச் சென்றார். கடைசி வரிசையில் இருப்பவனை அவர் மறந்ததே இல்லை. 'இறைவனிடம் கையேந்துங்கள்' ஒலிபெருக்கியில் போனால் எங்கள் ஊரின் அடுத்த வட்டாரத்துக்கும் கேட்கும். ஹனீபாவிடம் முறிவே இல்லை, சந்திரபாபுவிடம் முறிவே கலை. இருவரையும் ஒரே வானொலிப் பெட்டியில் கேட்டவர்கள் நாங்கள்.

இனிக் கீழ்க்குரலுக்கு வருகிறேன். 1960இல் வந்த 'கவலை இல்லாத மனிதன்' படத்தில் 'பிறக்கும் போதும் அழுகின்றாய்' பாட்டு. கண்ணதாசன் எழுதியது, இசை விஸ்வநாதன் ராமமூர்த்தி. சந்திரபாபு பாட்டைத் தொடங்கும் விதத்தைக் கவனியுங்கள். மேடையில் நிற்பவனின் தொடக்கம் அல்ல அது. பேச்சின் சுருதிக்குப் பக்கத்திலேயே குரல் நிற்கிறது. சொல்லின் கடைசி எழுத்தை நீட்டி அழகு பண்ணும் ஆசை இல்லை. எழுத்து முடியும் இடத்தில் விட்டுவிடுகிறார். ரகரமும் றகரமும் தெளிவாக விழுகின்றன. உபதேசம் பண்ணும் பாட்டு அது, உள்ளடக்கத்தில் சித்தர் பாட்டு மரபு. சௌந்தரராஜன் பாடியிருந்தால் கோபுரத்திலிருந்து வரும் அறிவுரையாகியிருக்கும். கேட்டவர்கள் தலை குனிந்திருப்பார்கள். சந்திரபாபு பாடும்போது நம்மைவிட ஒரு படி உயரத்தில்கூட அவர் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்துகொண்டு சொல்கிறார்.

அந்தப் பாட்டை அவருடைய வாழ்க்கைக் கதையாகக் கேட்பது இப்போது பழகிப்போன ஒன்று. திருமணம் நிலைக்கவில்லை, எம்.ஜி.ஆரை வைத்து எடுக்கத் தொடங்கிய 'மாடி வீட்டு ஏழை' பாதியில் நின்றது, கடன், குடி, 1974 மார்ச்சில் 46 வயதில் மரணம். இவற்றையெல்லாம் தெரிந்துகொண்டு அந்தப் பாட்டுக்குத் திரும்பிப் போய், 'பார், எவ்வளவு வேதனையோடு பாடியிருக்கிறான்' என்கிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1960இல் அவர் உச்சத்தில் இருந்தார். பாட்டின் சொற்களும் அவருடையவை அல்ல. தனக்கு இன்னும் முழுதாக வந்து சேராத துயரத்தை, இன்னொரு கவிஞனின் சொற்களில், கேட்பவர் நம்பும்படி சொல்லத் தெரிந்த கலைஞன் அவர். அதை வெறும் வேதனையின் கசிவு என்று சொன்னால் அந்தத் தொண்டை எத்தனை ஆண்டுகள் பழகியது என்பதை மறுத்துவிடுகிறோம். குரவையிட்ட ராத்தாவின் முகம் எனக்கு அங்கேதான் நினைவுக்கு வருகிறது. அவர் மகிழ்ந்ததால் குரவை வரவில்லை. அவருக்குச் செய்யத் தெரிந்ததால் வந்தது.

கீழ்க்குரல் அத்தனை வலுவாகப் படுவதற்கு இன்னொரு காரணம் மேற்குரல்தான். 1957இல் 'புதையல்' படத்தில் 'உனக்காக எல்லாம் உனக்காக' பாட்டில் துள்ளித் திரிந்தவரை மக்கள் கேட்டுவிட்டார்கள். இந்த மனிதனின் குரல் எந்த நேரமும் மேலே எகிறும், எதிர்பாராத இடத்தில் முறியும் என்று அவர்களுக்குத் தெரியும். மூன்று ஆண்டுகள் கழித்து அதே குரல் கீழே நின்று பேசும்போது, காது அந்த எகிறலுக்காகக் காத்திருக்கிறது. அவர் அதைத் தருவதில்லை. வேறு யாராவது அதே சுருதியில் அதே மெட்டைப் பாடினால் இந்தக் காத்திருப்பு இருக்காது, ஆதலால் அந்த அழுத்தமும் இருக்காது. ஒரு பாடகனின் இரண்டு குரல்கள் ஒன்றுக்கொன்று உதவுவது ஒரே பாட்டுக்குள் மட்டுமல்ல, பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவிலும் நடக்கும் என்பதை நான் இவரிடம்தான் அறிந்தேன்.

இந்திப் பக்கத்தில் கிஷோர் குமார் இதே காலத்தில் இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1962இல் 'ஹாஃப் டிக்கெட்' படத்தில் சலீல் சௌத்ரி இசையில் ஒரு ஜோடிப் பாட்டின் ஆண் பகுதி, பெண் பகுதி இரண்டையும் அவரே பாடினார். பெண் பகுதி முழுக்க ஃபால்செட்டோ. அவரையும் முதலில் கோமாளியாகத்தான் பார்த்தார்கள். 1969இல் 'ஆராதனா' வந்து ராஜேஷ் கன்னாவுக்குக் குரலானதும் நிலைமை மாறிற்று. 1970கள் முழுக்க இந்தி நாயகர்களின் துயரம் அவருடைய அடிக்குரலில்தான் பேசியது. சந்திரபாபுவுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. 1954இல் 'பெண்' படத்தில் எஸ். பாலசந்தருக்காக 'கல்யாணம் வேணும்' பாடியதுபோல மற்றவர்களுக்குப் பாடிய சந்தர்ப்பங்கள் அரிது. பெரும்பாலும் தன் முகத்துக்குத்தான் அவர் பாடினார். முகம் திரையிலிருந்து போனதும் குரலும் போயிற்று. தமிழ்ச் சினிமாவின் பெரிய இழப்புகளில் ஒன்றாக இதை நான் சொல்வேன். சிவாஜியோ ஜெமினியோ நடுக்கடலில் தனித்து நிற்கும் ஒரு காட்சியில் அந்தக் கீழ்க்குரல் கேட்டிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

1969இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியம் 'ஆயிரம் நிலவே வா' என்று வந்தார். முணுமுணுப்பு, சிரிப்பு, பெருமூச்சு எல்லாவற்றையும் பாட்டுக்குள் கொண்டுவந்தவர் அவர். ஆனால் கீழிருந்து மேலே போகும் வழியை அவர் மெழுகிவிட்டார், முறிவு எங்கே என்று தேடினாலும் கிடைக்காது. அது அவருடைய பெருமை. முறிவு திரும்பி வந்தது வெகு பின்னால். 2013இல் 'கடல்' படத்தின் 'அடியே' பாட்டில் சித் ஸ்ரீராமின் குரல் மேலே போய் மெலிகிறது. கறுப்பின மக்களின் தேவாலயப் பாட்டு வழியாக வந்த மெலிவு அது. பாடுகிறவன் கோமாளி அல்ல, காதலன். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் இப்போது அந்தக் குரலில் வெட்கமில்லாமல் பாடுகிறார்கள். அவர்களைக் கேட்கும்போதெல்லாம் சந்திரபாபு அறுபது ஆண்டுகள் முந்தி வந்துவிட்டார் என்று தோன்றும்.

பக்கத்து ஊர் காரைதீவு. விபுலாநந்த அடிகள் 1892இல் பிறந்த ஊர். பழந்தமிழ் இசைக்கணக்கைத் தேடி அவர் எழுதிய 'யாழ் நூல்' 1947இல் வெளியானது, சில வாரங்களில் அவர் மறைந்தார். சந்திரபாபுவின் முதல் படம் 'தன அமராவதி' வந்ததும் அதே ஆண்டில். மெலிவு, சமன், வலிவு என்று குரலுக்கு மூன்று தானம் வகுத்தவர்கள் நம் முன்னோர். இளங்கோவடிகள் அரங்கேற்று காதையில் அதைச் சொல்லியிருக்கிறார். மூன்றும் ஒரே தொண்டைக்கு உரியவை, எது சிரிப்புக்கு எது அழுகைக்கு என்று அவர்கள் பங்கு போடவில்லை. பங்கு போட்டது சினிமா.

இதைச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு ஒருமுறை காரைதீவுக் கடற்கரையிலேயே கிடைத்தது. அஸர் தொழுகைக்குப் பிறகு நண்பர்கள் சிலர் மணலில் இருந்தோம். எங்களில் நன்றாகப் பாடத் தெரிந்த ஒரு தம்பி. 'அடியே'யைப் பாடி முடித்தான். கூட இருந்த ஒரு காக்கா, எங்களுக்கு அண்ணன் முறை, பழைய பாட்டுப் பைத்தியம், அவனிடம் சொன்னார்:

"சந்திரபாபுட அழுகப் பாட்டிருக்கே, அத இந்தக் கொரல்ல மேல தூக்கிப் படி பாப்பம். துள்ளுற பாட்டக் கீழ எறக்கிப் படி."

தம்பி முதலில் 'பிறக்கும் போதும்' பாட்டை முழுக்க ஃபால்செட்டோவில் எடுத்தான். அலைச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஆனால் புத்திமதி போய்விட்டது. சொல்கிறவன் யார் என்பதே தெரியாமல், தொட்டிலை ஆட்டிக்கொண்டு யாரோ பிள்ளைக்குச் சொல்வதுபோல ஆகிவிட்டது பாட்டு. அழுகையைப் பற்றிய சொற்கள் பிள்ளையை அமர்த்தும் சொற்களாகிவிட்டன. யாரும் சிரிக்கவில்லை.

பிறகு 'உனக்காக எல்லாம் உனக்காக'வைக் கீழே இறக்கினான். துள்ளல் இல்லாமல், ஏறக்குறைய பேச்சாக. அலையில் பாதி அமிழ்ந்துபோக, நாங்கள் எழுந்து அவனை நெருங்கி உட்கார வேண்டியதாயிற்று. கேலிப் பாட்டு என்று நினைத்திருந்தது அந்தச் சுருதியில் சத்தியம் பண்ணுவதுபோலிருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஒருவன் இவ்வளவு பக்கத்தில் வந்து, உடலும் உயிரும் உனக்குத்தான் என்று இந்தக் குரலில் சொன்னால் கேட்பவள் ஓடிவிடுவாள் என்று தோன்றியது. துள்ளல்தான் அந்தக் காதலைத் தாங்கக்கூடியதாக வைத்திருந்தது. மேலே எகிறி முறியும்போதெல்லாம் அவளுக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறார் சந்திரபாபு.

"இன்னொருக்காப் படி" என்றார் காக்கா. தம்பி இந்த முறை கீழே தொடங்கி, இரண்டாவது அடியில் தன்னையறியாமல் மேலே முறித்தான். "அதான், அதான்" என்று காக்கா தொடையில் தட்டினார். மஃரிப் பாங்குக்கு எழும்பும்வரை அவனை விடவில்லை. எந்த எழுத்தில் முறிக்க வேண்டும் என்று ஆளுக்கொரு இடம் சொன்னோம். ஒருவர் உகரத்தில் என்றார், காக்கா இல்லை, காவன்னாவில்தான் என்றார்.